கழற்றிய டிஸ்க், கழலாத பெயர்: யூனிக்ஸில் எஞ்சும் சாதனக் கோப்புகள்

யாழ்ப்பாணத்துச் சிறு கந்தோர்களிலும் ஸ்ரூடியோக்களிலும் அச்சகங்களிலும் சேர்வர் என்று இருப்பது பல இடங்களில் ஒரு பழைய லப்டொப்தான். அதில் லினக்ஸைப் போட்டு, தனி அடப்டரில் ஓடும் 3.5 அங்குல யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் செருகியிருப்பார்கள். கரண்ட் போனால் லப்டொப் தன் பற்றரியில் நிற்கும். 12 வோல்ட் அடப்டரை நம்பியிருக்கும் டிஸ்க் அந்தக் கணமே விழுந்துவிடும். கரண்ட் திரும்பியதும் டிஸ்க் மீண்டும் சுழலத் தொடங்கும், ஆனால் லினக்ஸ் முன்பு எஸ்டிபி என்று பெயரிட்டிருந்தது இப்போது எஸ்டிசி ஆகியிருக்கும். மவுண்ட் பட்டியலில், அதாவது அடைவுகளோடு இணைத்த டிஸ்க்குகளின் பட்டியலில், அதன் முதல் பார்ட்டிஷனான எஸ்டிபி1 இன்னும் நிற்கும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த காலத்தில் இது அன்றாடக் காட்சி. இன்றும் ஒரு மாரிக் காற்றுக்குக் கம்பி அறுந்தாலே போதும்.

இந்த இடத்தில் பலருடைய கை கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைக்குப் போகும். சாதனங்களின் பெயர்கள் நிற்கும் /டெவ் அடைவுக்குள் இருக்கும் பழைய பெயரை அழித்துவிட்டால் சரி என்று தோன்றும். அது பிழையான இடத்தில் வைக்கும் கை. பெயர் எஞ்சி நிற்பதற்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு: ஒரு மவுண்டோ, ஓடும் நிரலான ஒரு புரோசஸோ, இயங்குதளத்தின் மையமான கேர்னலின் ஒரு பதிவோ, ஒரு தரவுத்தளமோ அந்த டிஸ்க்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை விடுவித்தால் பெயர் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பெயரை மட்டும் அழித்தால் பிடி அப்படியே இருக்கும், அது எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளமும் போய்விடும்.

சாதனக் கோப்பு என்பதற்குள் தரவு எதுவும் இல்லை. அதில் இருப்பவை வகையும் இரண்டு எண்களும், வழமையான அனுமதி விபரங்களும் மட்டுமே. பெரிய எண் எந்த டிரைவர் என்பதையும், சிறிய எண் அந்த டிரைவரிடம் உள்ள எந்தச் சாதனம் என்பதையும் சொல்கிறது. லினக்ஸில் ஸ்கசி வகை டிஸ்க்குகளின் பெரிய எண் 8. எஸ்டிஏ 8,0 ஆகவும் எஸ்டிபி 8,16 ஆகவும் எஸ்டிபி1 8,17 ஆகவும் இருக்கும். ஆட்கள் வெளியேறிய வீட்டுப் படலையில் இலக்கத் தகடு தொங்குவது போலத்தான் எஞ்சிய சாதனக் கோப்பும். தகட்டால் கேடில்லை. அதே இலக்கத்துக்கு வேறு ஆட்கள் குடிவந்த பிறகு பழைய கடிதங்கள் அங்கே போய்ச் சேர்வதில்தான் கேடு.

எஞ்சிய பெயர்கள் எல்லா யூனிக்ஸிலும் ஒரே பொருள் தருவதில்லை. பழைய முறையில் /டெவ் என்பது சாதாரண டிஸ்க் அடைவு. டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர்களை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஓபன்பிஎஸ்டி இன்றும் அப்படித்தான்: மேக்டெவ் என்ற ஸ்கிரிப்ட் பெயர்களை உருவாக்கி வைத்திருக்கும், டிஸ்க் இல்லாத பெயரைத் திறந்தால் 'சாதனம் அமைக்கப்படவில்லை' என்ற பொருளில் பிழை வரும். அங்கே துப்புரவு செய்ய எதுவும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி 2003 இல் வெளியான 5.0 முதல், இருக்கும் சாதனங்களுக்குக் கேர்னலே பெயர் படைக்கும் டெவ்எஃப்எஸ் முறைக்கு மாறிவிட்டது. லினக்ஸில் 2009 இல் வந்த 2.6.32 கேர்னலோடு டெவ்டெம்ப்எஃப்எஸ் சேர்ந்தது. அதன் பிறகு பெயரைப் படைப்பதும் அழிப்பதும் கேர்னலே. யூடெவ் என்ற துணை நிரல் அனுமதிகளையும் /டெவ்/டிஸ்க் அடைவுக்குள் இருக்கும் லிங்க்குகளையும் பார்த்துக்கொள்ளும். சொலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ் ஆகியவை கழற்றிய டிஸ்க்கையும் நினைவில் வைத்திருக்கும். அங்கே துப்புரவு என்பது நிர்வாகியின் கடமை.

முதலில் நம் ஊர்ச் சிக்கலை முழுமையாகப் பார்ப்போம்.

யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்த நிலையிலேயே விழுந்தால் கேர்னல் /டெவ்/எஸ்டிபி என்ற பெயரை உடனே அகற்றிவிடும். டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலிலும் அது இராது. ஆனால் மவுண்ட் அந்தச் சாதனத்தை உள்ளே இன்னும் பிடித்திருப்பதால் எஸ்டிபி என்ற எழுத்து விடுதலையாகாது. அதனால்தான் திரும்பி வரும் டிஸ்க்குக்கு அடுத்த எழுத்தான சி கிடைக்கிறது. மவுண்ட்களைக் காட்டும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை ஓட்டி, அதில் வரும் மூலப் பெயர்களை எல்எஸ்பிஎல்கே பட்டியலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரியும். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்தான் எஞ்சிய பிடி.

அடுத்து, யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'எஃப்யூசர் -விஎம் /எம்என்டி/பக்அப்' அந்த மவுண்டைப் பயன்படுத்தும் புரோசஸ்களை எண்ணோடு காட்டும். விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிரும் சம்பா இருந்தால் அதன் எஸ்எம்பிடி நிற்கும். யாரோ ஒருவர் அந்த அடைவுக்குள் நின்றபடி டெர்மினலைத் திறந்து வைத்திருந்தால் அவருடைய ஷெல் நிற்கும். இந்தப் பட்டியலில் வராத பிடிகளும் உண்டு. என்எஃப்எஸ் என்ற வலையமைப்பு முறை மூலம் பகிர்ந்திருந்தால் பிடிப்பது கேர்னல்தான், அதை 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யூ' கொண்டு முதலில் விலக்க வேண்டும். டிஸ்க்குக்குள் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பை லூப் சாதனமாகத் திறந்திருந்தால் 'லோசெட்டப் -டி' தேவை. அதில் ரேமுக்குத் துணையான ஸ்வாப் வைத்திருந்தால் ஸ்வாப்ஆஃப். ஒவ்வொன்றாக விடுவித்த பின் சாதாரண யூமவுண்ட் போதும்.

'யூமவுண்ட் -எல்' என்ற சோம்பல் வகையை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். அது மவுண்டைக் கண்ணுக்கு மறைக்கும், ஆனால் கடைசிப் புரோசஸ் தன் கோப்பை மூடும்வரை பிடி உள்ளே இருக்கும், எழுத்தும் விடுதலையாகாது. அதன் பிறகு ஃபைண்ட்எம்என்டி கூட எதையும் காட்டாததால் தேடுவது இரட்டை வேலையாகிவிடும். யூமவுண்ட் சரியாக நடந்தும் டிஸ்க் மறுபடி சி ஆகவே வந்தால் நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிச் சூழல்களில் ஓட்டும் டொக்கர் போன்றவற்றைச் சந்தேகியுங்கள். கன்டெய்னர் ஒன்று தனக்கென்று மவுண்ட் பட்டியலை வைத்திருக்கும். /ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு புரோசஸுக்கும் உள்ள மவுண்ட்இன்ஃபோ கோப்புகளில் 'எஸ்டிபி1' என்று கிரெப் கொண்டு தேடினால் எந்தப் புரோசஸ் என்று தெரிந்துவிடும்.

பிடி விட்ட பிறகு டிஸ்க்கை ஒருமுறை கழற்றிச் செருகினால் அது பழையபடி எஸ்டிபி ஆக வரும். அப்படியே மவுண்ட் செய்துவிட வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன டிஸ்க் அது. கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4 என்றால் 'ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் /டெவ்/எஸ்டிபி1' ஓட்டிச் சோதித்த பின்பே மவுண்ட் செய்ய வேண்டும்.

எழுத்து பியிலிருந்து சி, டி, ஈ என்று ஒரே நாளில் ஏறிக்கொண்டு போனால் அது துப்புரவுச் சிக்கலே அல்ல. கேபிளோ, செருகுமுனையோ, அடப்டரோ பழுது. கரையோரப் பகுதிகளில் உப்புக் காற்றுக்கு யூஎஸ்பி முனைகள் பச்சை பிடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் யூஎஸ்பி துண்டிப்பும் ரீசெட்டும் மாறி மாறி வந்தால் கேபிளை மாற்றுங்கள். மென்பொருளில் நேரம் செலவழிப்பதில் பயனில்லை.

இனி, ஆர்எம் உண்மையாகவே தேவைப்படும் ஓர் இடம். கவனிக்காமல் விட்டால் ஒரு முழு பக்அப்பையே இழக்கக்கூடிய இடமும் அதுதான். டிஸ்க் விழுந்து /டெவ்/எஸ்டிபி என்ற பெயர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரோன் வேலை ஒன்று, தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையால் 'டிடி ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி' என்று எழுதத் தொடங்குகிறது. அந்தப் பெயரில் எதுவும் இல்லாததால் டிடி அங்கே சாதாரணக் கோப்பு ஒன்றைப் படைக்கும். /டெவ் இருப்பது டிஸ்க்கில் அல்ல, நினைவகத்தில். டெபியன், உபுண்டு வகைகளில் அதன் எல்லை பொதுவாக ரேமில் பாதி. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஏறக்குறைய 4 ஜிபி வரை பக்அப் 'நன்றாக' ஓடும். படிமம் அதைவிடச் சிறியதென்றால் டிடி பிழையில்லாமல் முடிந்துவிடும், கணினியை நிறுத்தியதும் எல்லாம் காற்றில் போய்விடும். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வகைகளில் /டெவ் எல்லை 4 எம்பி மட்டுமே, எனவே 'இடமில்லை' என்று உடனே நின்றுவிடும். இந்த விடயத்தில் ரெட்ஹாட்காரர் பாக்கியசாலிகள்.

இத்தோடு முடிவதில்லை. டிஸ்க்கைத் திரும்பச் செருகும்போது எஸ்டிபி என்ற பெயரில் ஏற்கனவே சாதாரணக் கோப்பு உட்கார்ந்திருப்பதால் கேர்னலால் அங்கே சாதனக் கோப்பைப் படைக்க முடியாது. எஸ்டிபி1 மட்டும் ஒழுங்காக வந்துவிடும். எல்எஸ்பிஎல்கே கேர்னலின் சாதனப் பதிவான சிஸ்எஃப்எஸ் வழியாகப் பார்ப்பதால் எல்லாம் சரியென்றே காட்டும். பார்ட்டிஷனுக்கு எழுதினால் டிஸ்க்குக்குப் போகும், முழு டிஸ்க்குக்கு எழுதினால் ரேமுக்குப் போகும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. 'எல்எஸ் -எல் /டெவ்/எஸ்டிபி' வரியின் முதல் எழுத்து பிளாக் சாதனத்தைக் குறிக்கும் பி ஆக இருக்க வேண்டும், நடுவில் அளவு வரும் இடத்தில் '8, 16' என்று இரண்டு எண்கள் இருக்க வேண்டும். முதல் எழுத்துக்குப் பதிலாகச் சிறுகோடும், எண்களுக்குப் பதிலாகப் பைட் அளவும் நின்றால் அது போலி. /டெவ் முழுவதையும் 'ஃபைண்ட் /டெவ் -எக்ஸ்டெவ் -டைப் எஃப்' என்று தேடலாம். எக்ஸ்டெவ் போடுவது /டெவ்/எஸ்எச்எம் போன்ற வேறு மவுண்ட்களைத் தவிர்ப்பதற்காக, அங்கே சாதாரணக் கோப்புகள் இருப்பது வழமை. அகப்பட்ட போலியை ஆர்எம் கொண்டு அழித்து டிஸ்க்கைக் கழற்றிச் செருகுங்கள். கழற்ற முடியாத நிலை என்றால் 'எம்கேநோட் /டெவ்/எஸ்டிபி பி 8 16' என்று கையால் படைக்கலாம், அதற்கு முன் சரியான எண்களை எல்எஸ்பிஎல்கேயில் பார்த்துக்கொள்ள வேண்டும். இனி இப்படி நேராதிருக்க டிடி வரியில் 'கன்வ்=நோக்ரியட்' சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் புதிதாகப் படைக்காமல் பிழை சொல்லி நிற்கும்.

டிஸ்க்குக்கு மேலே இன்னொரு அடுக்கு இருந்தால் பிடி அந்த அடுக்கில்தான் இருக்கும். லக்ஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய டிஸ்க்கைத் திறந்த நிலையில் இழுத்துவிட்டால் /டெவ்/மேப்பர்/பக்அப் என்ற பெயர் அப்படியே நிற்கும். மறுபடி திறக்கப் போனால் அந்தப் பெயர் ஏற்கனவே இருப்பதாகச் சொல்லும். யூமவுண்ட் செய்து 'கிரிப்ட்செட்டப் க்ளோஸ் பக்அப்' போட்டால் பொதுவாகத் தீரும். அது மறுத்தால் 'டிஎம்செட்டப் இன்ஃபோ -சி' பட்டியலில் திறப்பு எண்ணிக்கையைப் பாருங்கள். பூச்சியம் என்றால் 'டிஎம்செட்டப் ரிமூவ்' போதும். பூச்சியம் அல்லாவிட்டால் பிடித்திருப்பவரைத் தேடுவதே முறை. '--ஃபோர்ஸ்' சேர்த்தால் அந்தச் சாதனத்துக்குப் போகும் எல்லா வாசிப்பும் எழுத்தும் பிழையாகத் திரும்பும்படி அது அட்டவணையை மாற்றிவிடும். தொங்கி நிற்கும் புரோசஸை விடுவிக்க இது உதவும், ஆனால் உயிருள்ள டிஸ்க்கில் போட்டால் ஆபத்து.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து லொஜிக்கல் வொலியூம்களாகப் பிரிக்கும் எல்விஎம் தொகுதியிலிருந்து டிஸ்க் போயிருந்தால், அதன் தனி அடையாளமான யூயூஐடி ஒன்றைக் காணவில்லை என்று ஒவ்வொரு கட்டளைக்கும் எச்சரிக்கை வரும். 'விஜிரிட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங்' அந்த நினைவை நீக்கும். காணாமற்போன டிஸ்க்கில் ஏதாவது லொஜிக்கல் வொலியூம் ஒரு பகுதியாவது இருந்தால் அது மறுக்கும், அந்த மறுப்பை மதிக்க வேண்டும். '--ஃபோர்ஸ்' போட்டால் அப்படிப் பகுதியாக இருக்கும் வொலியூம்களையும் சேர்த்து அழித்துவிடும். டிஸ்க் அடுத்த மேசையில் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அதைப் போடவே கூடாது. டிஸ்க்குகளை மென்பொருளால் இணைக்கும் எம்டி ரெய்டில் 'எம்டிஅட்ம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் டிடாச்ட் --ரிமூவ் டிடாச்ட்' என்று எழுதினால் பெயரே இல்லாமற்போன உறுப்புகளையும் நீக்கலாம்.

டேட்டா சென்டர்களில் வேலை செய்வோருக்குச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். யூஎஸ்பியில் டிஸ்க் கழன்றதைக் கேர்னலுக்குச் சொல்ல மின்சமிக்ஞை உண்டு. வலையமைப்பு வழியாக ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சனலிலோ ஐஸ்கசியிலோ, ஸ்டோரேஜ் பக்கத்தில் ஒரு லன்னை, அதாவது சேர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பங்கை, எடுத்துவிட்டால் சேர்வருக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. எஸ்டி பெயர்கள் அப்படியே நிற்கும், தொட்டால் பிழை வரும். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். ஸ்டோரேஜ் நிர்வாகி அதே லன் எண்ணை வேறொரு வொலியூமுக்குக் கொடுத்துவிட்டால் பழைய பெயர் புதிய தரவைச் சுட்டத் தொடங்கும். லன் ஒதுக்கீடுகள் மாறிவிட்டன, லினக்ஸ் அதைத் தானாக மாற்றி அமைக்காது என்று கேர்னல் லொக்கில் ஒரு வரி மட்டும் வரும். அந்த வரியைக் கண்டால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் யூமவுண்ட், பிறகு எல்விஎம் என்றால் தொகுதியைச் செயலிழக்கச் செய்து அந்த டிஸ்க்கை விலக்குதல், பிறகு ஒரே லன்னுக்கான பல பாதைகளை ஒன்றாக்கும் மல்டிபாத் வரைபடத்தை 'மல்டிபாத் -எஃப்' கொண்டு நீக்குதல், பிறகு 'பிளாக்டெவ் --ஃப்ளஷ்பஃப்ஸ்', அதன் பின் அந்த லன்னுக்குரிய ஒவ்வொரு பாதைக்கும் /சிஸ்/பிளாக்/எஸ்டிஎக்ஸ்/டிவைஸ்/டெலீட் என்ற கோப்பில் 1 என்று எழுதுதல். எஸ்டிஎக்ஸ் இருக்கும் இடத்தில் உரிய பெயரைப் போடுங்கள். நான்கு பாதைகள் என்றால் நான்கு முறை. ஸ்டோரேஜ் பக்கத்தில் லன்னை எடுப்பது இவை எல்லாம் முடிந்த பிறகே. வரிசை தலைகீழானால், பாதை இல்லாதபோது வரிசையில் காத்திரு என்று மல்டிபாத் அமைக்கப்பட்டிருக்குமிடத்து, புரோசஸ்கள் டி எனப்படும் குறுக்கிட முடியாத காத்திருப்பு நிலையில் உறைந்துவிடும், கில் -9 கூட அவற்றைத் தொடாது. 'டிஎம்செட்டப் மெசேஜ் எம்பாத்ஏ 0 ஃபெயில்_இஃப்_நோ_பாத்' என்ற கட்டளை காத்திருப்பை நிறுத்திப் பிழையைத் திருப்பி அனுப்பும். எம்பாத்ஏ என்பது வரைபடத்தின் பெயர். உறைந்தவை அப்போது விடுபடும்.

சொலாரிஸில் /டெவ்/டிஎஸ்கே அடைவுக்குள் இருக்கும் பெயர்கள் எல்லாம் /டிவைசஸ் அடைவுக்குள் இருக்கும் நீண்ட வன்பொருள் பாதைகளுக்கான லிங்க்குகள். டிஸ்க் போனாலும் லிங்க் நிற்கும். புதிய சாதனங்களுக்கு டெவ்எஃப்எஸ்ஏடிஎம் தானாக லிங்க் போடும், ஆனால் பழையதை அகற்ற வேண்டுமென்று வெளிப்படையாகச் சொன்னால்தான் அகற்றும். முதலில் 'சிஎஃப்ஜிஏடிஎம் -ஏஎல்' ஓட்டி நிலையைப் பாருங்கள். டிஸ்க் இன்னும் அமைந்த நிலையில் இருந்தால் 'சிஎஃப்ஜிஏடிஎம் -சி அன்கன்ஃபிகர்' கொண்டு அதை விலக்குங்கள். அதன் பின் பெரிய எழுத்து சியோடு 'டெவ்எஃப்எஸ்ஏடிஎம் -சிவி'. டிஸ்க் வகையோடு மட்டும் நிறுத்த, சிறிய எழுத்து சியில் '-சி டிஸ்க்' என்றும் சேர்க்கலாம். வி எழுத்து அகற்றும் ஒவ்வொரு லிங்க்கையும் திரையில் காட்டும், அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

இதை ஓட்டுவதற்கு முன் இருக்க வேண்டிய டிஸ்க்குகள் எல்லாம் உண்மையில் விழித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரண்ட் வந்து சேர்வர் எழும்பிவிட்டது, ஆனால் டிஸ்க் பெட்டி இன்னும் எழும்பவில்லை என்ற இடைவெளியில் ஓட்டினால் அந்தப் பெட்டியின் லிங்க்குகள் அனைத்தும் போய்விடும். பின்னர் திரும்பப் படைக்கப்படும்போது கன்ட்ரோலர் எண் மாறியிருக்கலாம், சி2 என்று, மவுண்ட்களை வரையறுக்கும் விஎஃப்எஸ்டாப் கோப்பில் எழுதியிருந்தவை எல்லாம் தொங்கும். இதற்கு நேரெதிர்ச் சிக்கலும் உண்டு. கன்ட்ரோலர் அட்டையைக் கழற்றி வேறு இடத்தில் செருகினால் பழைய லிங்க்குகள் சி2 எண்ணைப் பிடித்திருப்பதால் புதியது சி3 ஆகிவிடும். அந்த நிலையில் துப்புரவை முதலில் செய்து, புதிய அட்டையைப் பிறகு செருகுவதே முறை.

ஏஐஎக்ஸில் இது எவ்வளவோ தெளிவு. டிஸ்க் விபரம் ஓடிஎம் என்ற தரவுத்தளத்தில் இருக்கும். 'எல்எஸ்டெவ் -சிசி டிஸ்க்' பட்டியலில், முதல் சி பெரிய எழுத்து, கழற்றிய டிஸ்க் 'டிஃபைன்ட்' என்றும் இருப்பது 'அவெய்லபிள்' என்றும் நிற்கும். 'ஆர்எம்டெவ் -எல்' டிஃபைன்ட் நிலைக்கு மட்டும் இறக்கும், 'ஆர்எம்டெவ் -டிஎல் எச்டிஸ்க்4' தரவுத்தளத்திலிருந்தே நீக்கும். நீக்கும்போது அந்த டிஸ்க்குக்குக் கையால் வைத்த கியூ ஆழம், ரிசர்வ் கொள்கை போன்றவையும் போய்விடும், அதே டிஸ்க் திரும்பி வந்தால் இயல்பு மதிப்புகளோடுதான் வரும். எனவே 'எல்எஸ்அட்டர் -ஈஎல் எச்டிஸ்க்4' வெளியீட்டை, இங்கே ஈ பெரிய எழுத்து, முன்பே எடுத்து வையுங்கள். வொலியூம் குரூப்பிலிருந்து 'ரிட்யூஸ்விஜி' செய்யாமல் ஆர்எம்டெவ் போட்டுவிட்டால் குரூப் அந்த டிஸ்க்கின் அடையாள எண்ணான பிவிஐடியைத் தொடர்ந்து தேடும். அப்போது எச்டிஸ்க் பெயருக்குப் பதில் பிவிஐடியைக் கொடுத்தே ரிட்யூஸ்விஜி செய்யலாம்.

எச்பி-யூஎக்ஸில் 'ஐஓஸ்கேன் -எஃப்என்சி டிஸ்க்' வெளியீட்டில், சி பெரிய எழுத்து, 'நோ_எச்டபிள்யூ' என்று நிற்பவைதான் எஞ்சியவை. 11ஐ வி3 பதிப்பில் 'எல்எஸ்எஸ்எஃப் -எஸ்' அவற்றைப் பட்டியலிடும், 'ஆர்எம்எஸ்எஃப் -எக்ஸ்' நீக்கும். பழைய பதிப்புகளில் வன்பொருள் பாதையைக் கொடுத்து 'ஆர்எம்எஸ்எஃப் -எச்', பெரிய எழுத்தில்.

/டெவ் சுத்தமான பிறகும் வேலை முடியவில்லை. டிஸ்க்கின் பெயர் வேறு கோப்புகளிலும் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸில் /ஈடிசி/எஃப்எஸ்டாப், கிரிப்ட்டாப், எம்டிஅட்ம்.கொன்ஃப், ஸ்மார்ட்டிடி.கொன்ஃப், ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வகையில் /ஈடிசி/எல்விஎம்/டிவைசஸ் அடைவு ஆகியவற்றைப் பாருங்கள். இப்போது இல்லாத டிஸ்க் ஒன்றின் பெயர் எஃப்எஸ்டாப்பில் நின்றால், அடுத்த பூட்டின்போது கணினியை எழுப்பும் சிஸ்டம்டி 90 வினாடி காத்திருந்து அவசர நிலைக்குள் விழும். கந்தோர் பூட்டியிருக்கும் இரவில் கரண்ட் வந்து சேர்வர் தானாக எழும்ப வேண்டிய இடத்தில், ஆள் வந்து விசைப்பலகையில் கை வைக்கும்வரை அது அங்கேயே நிற்கும். கழற்றக்கூடிய டிஸ்க் எதையும் எஸ்டி பெயரில் எழுதாமல் யூயூஐடி கொண்டு எழுதி, 'நோஃபெயில்' என்றும் 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்' என்றும் சேர்த்துவிட்டால் இது நேராது.

நோஃபெயில் போட்டவுடன் இன்னொரு கதவு திறக்கும், அதையும் அடைக்க வேண்டும். டிஸ்க் இல்லாமலே கணினி எழும்பிவிட்டால் /எம்என்டி/பக்அப் என்பது ரூட் டிஸ்க்கில் உள்ள வெற்று அடைவு மட்டுமே. பக்அப் ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே எழுதி ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். பின்னர் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும், இடம் எங்கே போனது என்று டியூ கட்டளைக்கும் தெரியாது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த அடைவுக்கு 'சிஎச்அட்டர் +ஐ' போட்டுவிடுங்கள். அதன் பிறகு ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது, மவுண்ட் மட்டும் வழமைபோல் நடக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியாக 'மவுண்ட்பொயின்ட் -க்யூ /எம்என்டி/பக்அப்' சோதனையையும் சேருங்கள், அது தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

டிஸ்க்கைக் கையால் கழற்றும் நாட்களில் யூமவுண்ட் செய்த பிறகு 'யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி' என்று கொடுங்கள். கேர்னல் டிஸ்க்கை முறைப்படி விட்டுவிடும். பெரும்பாலான பெட்டிகளில் டிஸ்க் சுழல்வதும் நின்றுவிடும், அதைக் காதால் கேட்டறிந்த பிறகு வயரை இழுக்கலாம்.